கப்பலேறிப் போனவரைத் தேடிப் போகிறீர்களா?

"தாத்தாவோட பெரியப்பா ஒருத்தர் நெட்டாலுக்குப் போனாராம், திரும்பவே இல்லையாம்." தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் இப்படி ஒரு வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. நெட்டால் என்றும் நேட்டால் என்றும் சொல்வது இன்றைய தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் பகுதி. அந்த ஒரு வரியை நம்பி டர்பனுக்கோ மொரீஷியசுக்கோ டிக்கெட் எடுப்பவர்கள் பெரும்பாலும் கோயில், கடற்கரை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காரணம் எளிது. அங்குள்ள பதிவேடுகளில் முனியனும் வீராயியும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பெயர் மட்டும் கையில் இருந்தால் எதையும் தொட முடியாது. தந்தை பெயர், ஊர், தோராயமான ஆண்டு ஆகிய மூன்றும் இருந்தால் அவருக்கு அரசாங்கம் கொடுத்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம். எண் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

ஆகவே வேலையில் முக்கால் பங்கு வீட்டில்தான். வெளிநாட்டில் செலவிடும் நாள்கள், அங்கு போனால் மட்டுமே கிடைக்கும் காரியங்களுக்கு.

எந்தக் கடல், எந்த ஆண்டு

வயதானவர்களிடம் "எப்போது போனார்?" என்று கேட்டால் ஆண்டு வராது. "தாது வருஷப் பஞ்சத்துல" என்று வரும். அது நல்ல விடைதான்: 1876–77. ஆனால் தமிழ் ஆண்டுகள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1936–37உம் தாதுதான். போனவருடைய பேரன் வயதைக் கேட்டு, தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்தத் தாது என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து, அந்த ஆண்டை நாடுகளோடு பொருத்திப் பாருங்கள். மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகள், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகள் தோட்டத்தில் வேலை செய்வதாகக் கையெழுத்திட்டவர்கள், போனது 1834 முதல் 1910 வரை. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை. நடுவில் 1866 முதல் 1874 வரை ஆளெடுப்பு நின்றிருந்தது. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனது 1880களோடு முடிந்துவிட்டது. பிஜிக்கு 1879இலேயே கப்பல் போகத் தொடங்கினாலும், சென்னைத் துறைமுகத்திலிருந்து போனது 1903 முதல் 1916 வரைதான். மலாயாவுக்குக் கங்காணிகள் (தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போன மேஸ்திரிகள்) ஆள் சேர்த்தது 1938 வரை, இலங்கைக்கு 1939 வரை. "1890இல் பிஜிக்குப் போனார்" என்று ஒரு தமிழ்க் குடும்பம் சொன்னால், ஆண்டு தவறு அல்லது தீவு தவறு. இந்தச் சல்லடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வீட்டில் சொல்லும் நாட்டுப் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். கரும்புத் தோட்டம் என்றால் எல்லாமே "மோரீசு" என்று சொன்ன ஊர்கள் உண்டு.

பிறகு தந்தை பெயர். இதை விட்டுவிட்டுக் கிளம்பவே கூடாது. கப்பல் பட்டியலில் பெயருக்கு அடுத்த கட்டம் தந்தை பெயர்தான். பழைய பத்திரம், கருமாதிப் பத்திரிகை, பாகப்பிரிவினை ஆவணம், கிறித்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு என்று எதிலாவது இருக்கும். குலதெய்வத்தின் பெயரையும் கோயில் இருக்கும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் உள்ள கிளைக் குடும்பம் ஊர்ப் பெயரை மறந்திருந்தாலும் சாமி பெயரை மறக்காமல் இருப்பது உண்டு.

ஊர்ப் பெயரைப் பழைய நிர்வாகத்துக்கு மாற்றுவது

பட்டியலில் ஊர், தாலுகா, ஜில்லா என்று மூன்று கட்டங்கள் இருக்கும். இன்றைய மாவட்டப் பெயர் அங்கே உதவாது. திருவண்ணாமலையும் ராணிப்பேட்டையும் அப்போது மாவட்டங்கள் அல்ல. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்ற பழைய ஜில்லாக்களில் உங்கள் ஊர் எதில் இருந்தது என்று பாருங்கள். இன்று ஆந்திராவில் உள்ள சித்தூர், 1911இல் தனி ஜில்லா ஆகும்வரை வட ஆற்காட்டில் இருந்தது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய ஜில்லா மானுவல்கள் (மாவட்டக் கையேடுகள்) இருக்கின்றன. தாலுகா எல்லைகளை அவற்றில் சரிபார்க்கலாம்.

இன்னொன்று: துறைமுகத்தை ஊர் என்று எண்ணி ஏமாறுவது நிறைய நடக்கிறது. பிரெஞ்சுப் பதிவேட்டில் "காரைக்கால்" என்று இருந்தால், அவர் காரைக்காலில் கப்பல் ஏறினார் என்பது மட்டுமே உறுதி. தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் பலர் எல்லை தாண்டிப் போய் அங்கே ஏறியிருக்கிறார்கள்.

பெயரை எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள்

டிப்போவில், அதாவது கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த இடத்தில், எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். பெயர் சொன்னவருக்கோ அது சரியா என்று படித்துப் பார்க்கத் தெரியாது. முனுசாமி என்பது மூன்சாமி, முன்சாமி, மோன்சாமி என்றெல்லாம் மாறும். பழனி என்பதில் உள்ள 'ழ', ஆங்கிலத்தில் 'எல்' ஆகவும் 'ஆர்' ஆகவும் வரும். வீராசாமி 'வி'யிலும் இருப்பார், 'டபிள்யூ'விலும் இருப்பார். கோவிந்தன் 'சி'யில் தொடங்குவதும் உண்டு. பிரெஞ்சுப் பதிவேடுகளில் உகரத்துக்கு 'ஓ', 'யு' என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும். சாமி என்ற ஈற்றில் 'எஸ்' இரண்டாக வரும்.

ஒரு தாளில் பெயருக்குப் பத்து எழுத்துக்கூட்டல்களாவது எழுதிக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகளை நம்பாதீர்கள், மெய்யெழுத்துகளின் வரிசையை மட்டும் பிடியுங்கள். தேடுபெட்டி நட்சத்திரக் குறியை ஏற்குமானால் உயிர் வரும் இடத்திலெல்லாம் அதைப் போடுங்கள். தந்தை பெயருக்கும் இதே தாள் வேண்டும்.

குடும்பப் பெயர் வேறு சங்கதி. நம்மிடம் இல்லாத ஒன்றை அங்கே கட்டாயமாக்கினார்கள். அதனால் முதலில் போனவரின் பெயரே பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இன்று பெருமாள், முன்சாமி என்ற குடும்பப் பெயர்கள் அப்படி வந்தவை. சாதிப் பட்டமே குடும்பப் பெயரானதும் உண்டு: கவுண்டர் அங்கே 'கவெண்டர்', முதலி 'மூட்லி', படையாச்சி கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் பட்டத்தை வைத்துச் சாதியை உறுதி செய்யாதீர்கள். ஆளெடுப்பவர்கள் தோட்ட முதலாளிகளுக்குப் பிடித்த சாதியைச் சொல்லச் சொன்னதும், போனவரே கடல் தாண்டியதும் மாற்றிக்கொண்டதும் நடந்திருக்கிறது.

இணையத்திலேயே முடிப்பவை

குடும்ப வரலாற்று ஆவணங்களைத் தேடும் ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கக் காசில்லை. சில ஆவணப் படங்களின் மேல் பூட்டுக் குறி இருக்கும். அவற்றை அந்த நிறுவனத்தின் குடும்ப வரலாற்று மையங்களில் உள்ள கணினியில்தான் திறக்க முடியும். போகும் நகரத்தில் மையம் இருக்கிறதா என்று முன்னமே பார்த்துவையுங்கள்.

தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 'நாய்ர்ஸ்' என்று ஒரு தேடுதளம் உண்டு. ஆவணத்தைக் காட்டாது, ஆவணத்தின் குறியீட்டைக் காட்டும். அந்தக் குறியீடு முழுவதையும், அதாவது காப்பகம், தொகுப்பு, தொகுதி எண், கோப்பு எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் முழுதும் அங்கே உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

பிரெஞ்சுத் தீவுகளானால் பிரான்சில் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பக்கம் பக்கமாக இலவசமாகக் கிடைக்கின்றன. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் மட்டுமல்ல, புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளும் அதிலேயே உண்டு. ஒவ்வோர் ஆண்டாகப் புரட்ட வேண்டாம். பத்தாண்டுக்கு ஒருமுறை தயாரித்த அகரவரிசை அட்டவணையை முதலில் திறந்து, பெயரும் தேதியும் பிடித்த பிறகு அந்த ஆண்டின் பதிவேட்டுக்குப் போங்கள். பிறப்பும் திருமணமும் 75 ஆண்டு கடந்தவையே பொதுப் பார்வைக்கு வரும்.

சிங்கப்பூர், மலாயா தேடலுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் இருக்கின்றன. மரண அறிவித்தல்களை விடாதீர்கள்.

நேட்டால்: எண்ணைப் பிடிப்பது

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911இல் கடைசிக் கப்பல் போகும்வரை 1,52,184 பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். கப்பல் பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், உடல் அடையாளம், ஊர், தாலுகா, ஜில்லா, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது வரை இருக்கும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. மூலக் கோப்புகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில்.

உங்கள் ஆள் என்று தோன்றும் ஒருவர் கிடைத்ததும், அவர் எண்ணுக்கு முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து எண்களைப் படியுங்கள். குடும்பமாகப் போனவர்களுக்கு எண்கள் அடுத்தடுத்து விழும். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து போனவர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். பெயர் சிதைந்திருந்தாலும், பக்கத்து எண்ணில் உங்கள் ஊர்க்காரர் இருந்தால் அது பெரிய சாட்சி.

வயதை நம்பாதீர்கள்; ஐந்து வயது முன்பின் இருக்கலாம். "மனைவி" என்று எழுதியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்களோடு இத்தனை பெண்களும் போக வேண்டும் என்று விதி இருந்தது; பிஜிக்கு நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள். கணக்கு நேராக வேண்டி, டிப்போவில் சந்தித்தவர்களையே கணவன் மனைவியாகப் பதிந்ததுண்டு. ஊரில் விட்டுப்போன மனைவி வேறு, பட்டியலில் உள்ள மனைவி வேறாக இருக்கலாம்.

எண் கிடைத்த பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க். டர்பனிலிருந்து 80 கிலோமீட்டர். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்குள்ள காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றுள் 'மரண அறிவிப்பு' என்ற ஒரு படிவம் இருக்கும். இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், மனைவி, எல்லாப் பிள்ளைகளின் பெயர்கள் என்று ஒரு குடும்பமே அந்த ஒரே தாளில் அடங்கிவிடும். தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை. ஆனால் அதை நிரப்பியது மகனோ மருமகனோதான். இந்தியாவில் இருந்த தாத்தா பாட்டி பெயரை அவர் தவறாகச் சொல்லியிருக்க வாய்ப்புண்டு. கப்பல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொத்து இல்லாமல் இறந்த பலருக்குக் கோப்பே இருக்காது.

அந்த ஊர் ஆவணங்களில் "காலனியில் பிறந்தவர்" என்ற குறிப்பு வந்தால் அடுத்த தலைமுறைக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். அப்போதும் ஓரத்தில் தந்தையின் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஆள் ஐந்தாண்டு கழித்து வேறு தோட்டத்தில் தென்பட்டால் குழம்ப வேண்டாம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இருப்பவர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. 1914இல் அது நீங்கும்வரை அந்த வரிக்குப் பயந்து பலர் மறுபடி மறுபடி கையெழுத்திட்டார்கள்.

பழைய முகவரியைத் தேடி அலைவது வீண். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்துக்குப் பிறகு, டர்பனில் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்த குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்சுக்கும் தள்ளிவிட்டார்கள். கோயில்களில் விசாரியுங்கள், டர்பனில் உள்ள 1860 மரபு மையத்துக்கும் போய்வாருங்கள்.

மொரீஷியஸ்

போர்ட் லூயிசில் குடியேறிகள் வந்திறங்கிய இடமான ஆப்ரவாசி காட் 2006இல் உலக மரபுச் சின்னமானது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் குடியேறிகளின் பதிவேடுகள் இருப்பது மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில். இங்கும் ஒவ்வொருவருக்கும் குடியேறி எண் உண்டு. 1860களிலிருந்து எடுத்த நிழற்படங்களும் இருப்பதால், அதிர்ஷ்டம் இருந்தால் முகமே கிடைக்கும்.

முன்னனுமதி இல்லாமல் போய் நிற்காதீர்கள். வழித்தோன்றல் என்பதைக் காட்டும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் உள்ள கிளைக்கு அது சிக்கல், ஏனென்றால் நீங்கள் அவருடைய நேர்வாரிசு அல்ல, தம்பி வழிப் பேரன். அங்கே ஒரு கிளைக் குடும்பம் ஏற்கெனவே தெரிந்திருந்தால், அவர்களையே விண்ணப்பிக்கச் சொல்லி நீங்கள் உடன் போவதுதான் சுலபம்.

பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களாகப் போன தமிழர்களும் மொரீஷியசில் உண்டு. அவர்களுக்கு எண் கிடையாது.

மற்ற இடங்கள், சுருக்கமாக

பிஜி: தேட எளிது. 60,965 பேர் போனார்கள். ஆளுக்கு ஒரு குடியேற்றப் பாஸ், அதிலேயே ஊர், தந்தை பெயர், அடையாளம் எல்லாம். சூவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். கப்பல் பெயர் தெரிந்தால் வேலை இன்னும் விரைவு.

மலேசியா: கங்காணி கூட்டிப்போனவர்களுக்கு நேட்டால் போல ஆளுக்கொரு எண்ணோ முழுப் பட்டியலோ இல்லை. தோட்டத்தின் பெயர்தான் இங்கே எண்ணுக்குச் சமம். அது தெரிந்தால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மாரியம்மன் கோயில் நன்கொடைக் கல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று என்று நூல் பிடிக்கலாம். ரப்பர் தோட்டங்கள் பல வீடுகளாகவும் செம்பனையாகவும் மாறிவிட்டதால், பழைய நிலப்படத்தில் பெயரைத் தேடிய பிறகு புறப்படுங்கள்.

இலங்கை மலையகம்: தோட்டப் பெயரோடு பிரிவின் பெயரும் வேண்டும். மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று ஒரே தோட்டத்துக்குள் பல லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்). தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) கிடைத்தால் நல்லது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா திரும்பியவர்களானால், அவர்களிடம் உள்ள குடும்ப அட்டையையும் பாஸ்போர்ட்டையும் முதலில் பாருங்கள். பயணமே தேவைப்படாமல் போகலாம்.

காப்பகத்தில் உட்கார்ந்ததும்

ஆறு வாரம் முன்னதாக மின்னஞ்சல் எழுதி ஐந்து கேள்விகள் கேளுங்கள்: திறக்கும் நேரம், என்ன அடையாள ஆவணம், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு தருவார்கள், படம் எடுக்கலாமா, நான் கேட்கும் தொகுதி இப்போது வாசகருக்குக் கிடைக்குமா. கடைசிக் கேள்விதான் முக்கியம். பழுதுபார்க்கப் போன தொகுதிக்காகக் கடல் தாண்டிப் போகக் கூடாது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை தென்னாப்பிரிக்கப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள், விடுமுறைக் காலம்.

பென்சில் கொண்டுபோங்கள், பேனாவை உள்ளே விடமாட்டார்கள். படம் எடுக்கும்போது முதலில் கோப்பின் அட்டை, பிறகு பக்கம் முழுதும், கடைசியாக உங்களுக்கு வேண்டிய வரி. வரியை மட்டும் எடுத்துவந்தால், ஆறு மாதம் கழித்து அது எந்தத் தொகுதி என்று யாருக்கும் தெரியாது. எதுவும் கிடைக்காத தொகுதியையும் "பார்த்தேன், இல்லை" என்று குறித்துவையுங்கள்.

இவர்தான் அவர் என்று எப்போது சொல்லலாம்? தந்தை பெயர், ஊர், உடன் போனவர்கள், ஆண்டு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். இரண்டு பொருந்தினால் 'இருக்கலாம்' என்று மட்டும் எழுதுங்கள். மரபணுச் சோதனை உதவும்தான், ஆனால் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மாமன் மகள், அத்தை மகள் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கட்டிய குடும்பங்களில் பொது மரபணு கூடுதலாகத் தெரியும். நிறுவனம் "இரண்டாம் மட்ட உறவு" என்று சொன்னால் உண்மையில் அது இன்னும் இரண்டு தலைமுறை தள்ளி இருக்கலாம்.

உறவினர் வீட்டு வாசலில்

முதல் சந்திப்பில் சாதியைக் கேட்காதீர்கள். அங்கே பிறந்தவர்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களில் பலர் பேச விரும்புவதில்லை. நிலம், பாகம் என்ற பேச்சும் வேண்டாம். உரிமை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். நீங்கள் கண்டுபிடித்த ஆவணத்தின் நகலைக் கொடுத்துப் பேச்சைத் தொடங்குங்கள். இரண்டு மனைவி போன்ற செய்தி அதில் இருந்தால், அந்த வீட்டுப் பெரியவரிடம் தனியாக முதலில் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்த தேதியை அவர்கள் அனுமதியில்லாமல் இணைய வம்சவரிசையில் ஏற்றாதீர்கள்.

எல்லாம் செய்தும் குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு அவர் தடமே இல்லையென்றால், இறந்துவிட்டார் என்று முடிவுகட்டுவதற்கு முன், திரும்பிய கப்பல்களின் பட்டியலைக் கேளுங்கள். எண்ணுக்கு எதிரே "இந்தியா திரும்பினார்" என்ற குறிப்பு இருக்கலாம். சென்னையில் இறங்கியவர்களில் ஊருக்குப் போக முகமில்லாமல் மறுபடி வேறு சீமைக்குக் கப்பல் ஏறியவர்களும் உண்டு. அப்படியானால் தேட வேண்டியது வேறொரு நாட்டின் பட்டியலில், பெரும்பாலும் வேறோர் எழுத்துக்கூட்டலில்.